பந்தைத் தின்னும் பந்தயம்

தம்பிமார், தங்கச்சிமார், இந்த முறை சுற்றிவளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். கூடைப்பந்தையும் பேஸ்போலையும் கெடுப்பது எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறீர்கள். டொட்ஜர்ஸின் பணம் என்பான் ஒருவன். நட்சத்திர வீரர்கள் ஓய்வு என்று சொல்லிவிட்டு வாங்கில் குந்தியிருப்பது என்பாள் இன்னொருத்தி. இரண்டும் எரிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒஹ்தானிக்கு 10 வருடத்துக்கு 700 மில்லியன் டொலர் கொடுத்தாலும், அவர் அடிக்கிற பந்து உண்மையாகவே மதிலைத் தாண்டித்தான் ஆகவேண்டும். விளையாட்டின் உயிரைத் தொடுகிற நோய் வேறு. அது உங்கள் ஃபோனில் இருக்கிற பந்தயச் செயலி. அதிலும் குறிப்பாக, ஒரு தனி வீரரின் ஒரு தனிச் செயலின்மீது காசு கட்டுகிற ‘புரொப் பெற்’. அதைத் தடைசெய்ய வேண்டும் என்பதுதான் என் கட்சி.

எந்த அணி வெல்லும் என்று கட்டுவது பழைய பந்தயம். இன்ன வீரர் இன்றைக்கு 6 புள்ளிக்குக் கூட எடுப்பாரா, குறைய எடுப்பாரா? அடுத்த பந்து ஸ்ட்ரைக்கா, இல்லையா? 95 மைல் வேகத்துக்குக் கூடவா, குறையவா? இப்படிக் கட்டுவது புதியது. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு அணியைத் தோற்கவைக்கப் பலர் சேர வேண்டும். 1919 உலகத் தொடர் விற்கப்பட்ட விவகாரத்தில் சிக்காகோ வைற் சொக்ஸ் வீரர்கள் எட்டுப் பேருக்கு வாழ்நாள் தடை விழுந்தது. இன்றைய பந்தயத்துக்கு எட்டுப் பேர் தேவையில்லை. ஒரு ஆள் போதும். அவருடைய அணி தோற்கவும் தேவையில்லை. ஒரே ஒரு பந்தை நிலத்தில் குத்தினால் காரியம் முடிந்தது.

எங்கள் ஊர்க் கதையையே எடுப்போம். ராப்டர்ஸ் அணியின் ஜொன்ரே போர்ட்டரை எத்தனை பேருக்கு ஞாபகம்? பெரிய ஆட்டக்காரர் இல்லை. இருவழி ஒப்பந்தத்தில், குறைந்த சம்பளத்தில், மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தவர். 2024 ஜனவரி 26ஆம் தேதி கிளிப்பர்ஸுக்கு எதிராக 4 நிமிடம் ஆடிவிட்டுக் கண் நோ என்று வெளியே போனார். மார்ச் 20ஆம் தேதி சகரமென்டோ கிங்ஸுக்கு எதிராக 3 நிமிடம் ஆடிவிட்டுச் சுகமில்லை என்று போனார். அந்த இரண்டாவது ஆட்டத்தில் அவர் குறைவாகத்தான் எடுப்பார் என்று ஒருவர் 80,000 டொலர் கட்டியிருந்தார். வென்றிருந்தால் 1.1 மில்லியன். பந்தய நிறுவனம் சந்தேகப்பட்டுப் பணத்தைக் கொடுக்காமல் நிறுத்தியது. ஏப்ரல் 17ஆம் தேதி என்பிஏ அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. யூலையில் நியூயோர்க் நீதிமன்றத்தில் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். சூதில் பட்ட கடனைத் தீர்க்க வழி தெரியாமல் இறங்கியதாக வழக்கு ஆவணங்கள் சொல்கின்றன.

2019இல் கவாய் லெனர்ட் எறிந்த பந்து வளையத்தில் நான்கு தரம் துள்ளி விழுந்ததே, அந்த அணியின் உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் போர்ட்டர் அதைச் செய்தார்.

அத்தோடு நிற்கவில்லை. 2025 ஒக்ரோபர் 23ஆம் தேதி மயாமி ஹீற் வீரர் டெரி ரோசியர் கைதானார். சார்லட் அணியில் ஆடிய காலத்தில், 2023 மார்ச்சில் ஒரு ஆட்டத்தில் இருந்து சீக்கிரம் வெளியேறப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. அதே நாளில் போர்ட்லன்ட் பயிற்சியாளர் சோன்சி பில்லப்ஸ் ஒரு போக்கர் மோசடி வழக்கில் கைதானார். இரண்டு பேரும் குற்றத்தை மறுக்கிறார்கள். 1993இல் இதே ஒக்ரோபர் 23ஆம் தேதிதான் ஜோ கார்ட்டர் அடித்த ஹோம் ரன் எங்களுக்கு உலகக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. 32 வருடம் கழித்து, எங்கள் நகரத்தில் மறுபடி உலகத் தொடர் தொடங்குவதற்கு முதல் நாள், விளையாட்டுச் செய்தியில் கைவிலங்கு.

நவம்பரில் பேஸ்போலின் முறை வந்தது. கிளீவ்லன்ட் கார்டியன்ஸ் அணியின் பிட்சர்கள் இமானுவேல் கிளாசே, லூயிஸ் ஓர்ட்டிஸ் ஆகியோர்மீது வழக்கு. எந்தப் பந்தை ஸ்ட்ரைக் வலயத்துக்கு வெளியே எறிவோம் என்று பந்தயக்காரர்களுக்கு முன்பே சொன்னார்கள் என்றும், அதை வைத்து அந்த ஆட்கள் 4 லட்சம் டொலருக்கு மேல் அள்ளினார்கள் என்றும் அரச வழக்கறிஞர்கள் சொல்கிறார்கள். இவர்களும் மறுக்கிறார்கள். தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை, எங்களுடையது அல்ல. எனக்கு முக்கியம் வேறொன்று. கிளாசே மூன்று தரம் ஓல்ஸ்டார் ஆட்டத்துக்குப் போனவர், 20 மில்லியன் டொலர் ஒப்பந்தம் உள்ளவர். ‘சம்பளம் குறைந்த ஆட்கள்தான் விலைபோவார்கள்’ என்று நினைத்து நிம்மதியாக இருக்க இனி வழியில்லை.

இது புதுக் கதை என்று நினைத்தால் வீட்டில் அப்பாவிடம் கேளுங்கள். 2010இல் லோர்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் வீரர்கள் காசுக்கு நோ போல் எறிந்த கதையைச் சொல்லுவார். முகமது ஆமிருக்கு அப்போது 18 வயது. உலகமே வியந்த பந்துவீச்சு. கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்ததற்குச் சிறைக்குப் போனார். பிறகு ஐபிஎல். அணி நிர்வாகத்தோடு தொடர்புள்ள ஒருவரின் பந்தயத்தால் சென்னை சூப்பர் கிங்ஸே இரண்டு வருடம் தடைபட்டுக் கிடந்தது. கிரிக்கெட் பார்க்கிற எங்கள் அப்பாமார் இன்றைக்கும் ஒரு பிடியைத் தவறவிட்டால் ‘விலைக்குப் போய்விட்டான்’ என்கிறார்கள். பகிடியாகச் சொல்கிறார்கள், ஆனால் பாதி நம்பியும்தான் சொல்கிறார்கள். அந்த வியாதி பேஸ்போலுக்கும் வந்துவிடக்கூடாது என்பதுதான் என் பயம்.

ஏன் பயம் என்று சொல்கிறேன். 2025 நவம்பர் 1, உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-4, தளங்கள் நிரம்பியிருக்கின்றன, ஒருவர்தான் அவுட். வார்ஷோ நிலத்தோடு அடித்த பந்தை ரோஹாஸ் தடுமாறிப் பிடித்து ஹோமுக்கு எறிகிறார். கைனர்-ஃபலேஃபா சறுக்கி வருகிறார். வில் ஸ்மித்தின் கால் தட்டைவிட்டு ஒருகணம் எழும்பி, திரும்பப் படிகிறது. அவுட். அங்குலக் கணக்கு. பதினொராவது இன்னிங்ஸில் ஸ்மித்தே ஹோம் ரன் அடித்தார், 5-4, முடிந்தது. 32 வருடக் காத்திருப்பு அந்த அங்குலத்தில் போனது.

அடுத்த ஒரு கிழமை நாங்கள் எல்லோரும் என்ன பேசினோம்? அவர் ஏன் மூன்றாவது தளத்தில் இருந்து இன்னும் இரண்டடி முன்னால் நிற்கவில்லை என்று பேசினோம். சண்டை பிடித்தோம். சிலர் அழுதோம். ஆனால் ஒருவர்கூட ‘காசு வாங்கிவிட்டாரோ’ என்று கேட்கவில்லை. கவனித்தீர்களா? அந்தத் தோல்வி வலித்ததற்குக் காரணம், அது உண்மை என்று எங்களுக்குத் தெரிந்ததுதான். ரசிகனுக்கு இருக்கிற ஒரே சொத்து அந்த நம்பிக்கை. பிழை பிழையாகவே நடந்தது என்று நம்ப முடிந்தால்தான் அழலாம், திட்டலாம், அடுத்த வருடம் திரும்பி வரலாம். சந்தேகம் வந்துவிட்டால் அழக்கூட முடியாது.

வீரர்களின் பக்கத்தையும் பாருங்கள். 2025 மே மாதம் ஹூஸ்டன் பிட்சர் லான்ஸ் மக்கலர்ஸ் ஒரு ஆட்டத்தில் அடிவாங்கினார். அவருடைய சின்னப் பிள்ளைகளைக் கொல்லுவேன் என்று இணையத்தில் மிரட்டல் வந்தது. பொலிஸ் தேடிப் பிடித்தால், மிரட்டியது வெளிநாட்டில் இருந்து குடிபோதையில் எழுதிய ஒரு ஆள். பந்தயத்தில் காசு விட்ட கோபமாம். அந்த ஆளுக்கு மக்கலர்ஸ் ஒரு வீரர் இல்லை. தன் காசைத் தின்ற மெசின்.

இனி உங்கள் கேள்விகள். எனக்கு அடிக்கடி வருவது: “அண்ணா, அஞ்சு டொலர்தானே? மச்ச விளையாட இன்னும் சுவாரசியமா இருக்கு.” இல்லை தம்பி, கணக்கைப் பார்ப்போம். பொறியியலில் முதுகலை படித்ததற்கு இதற்காவது பயன்படட்டும். வழமையான பந்தயத்தில் 100 டொலர் வெல்ல 110 டொலர் கட்ட வேண்டும். நாணயம் சுண்டுவதுபோலப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்து, பத்துத் தரம் கட்டினால் ஐந்தில் 500 வரும், ஐந்தில் 550 போகும். கட்டிய 1,100இல் 50 போச்சு, அதாவது நூற்றுக்கு நாலரை. இப்போது நாலு பந்தயத்தைச் சேர்த்து ஒரு ‘பார்லே’ ஆக்குங்கள். நாலும் சரிவர வாய்ப்பு 16இல் ஒன்று. நியாயப்படி 10 டொலருக்கு 160 திரும்ப வேண்டும். வருவது ஏறத்தாழ 133. நிறுவனம் எடுப்பது நாலரையில் இருந்து நூற்றுக்கு 17 ஆகிவிட்டது. செயலி ஏன் பார்லேயைத் திரையின் உச்சியில் பளபளவென்று வைக்கிறது என்று இப்போது விளங்குகிறதா?

என் தொழில் கணினி ஆலோசனை. எந்தச் செயலியிலும் பொத்தான் எந்த இடத்தில், அறிவித்தல் எந்த நேரத்தில் என்பது தற்செயலாக வருவதில்லை. ஒருவர் இருந்து அளந்து வைப்பது. நீங்கள் ஆட்டத்தைப் பார்ப்பதாக நினைக்கிறீர்கள். அந்த நேரம் செயலி உங்களைப் பார்க்கிறது.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் வலுவானது: “சட்டபூர்வமாக இருந்தபடியால்தானே போர்ட்டர் பிடிபட்டார்? தடைசெய்தால் எல்லாம் களவாக நடக்கும்.” பாதி உண்மை. உரிமம் பெற்ற நிறுவனங்கள்தான் சந்தேகத்தைக் கவனித்தன. அதனால்தான் நான் எல்லாப் பந்தயத்தையும் மூடச் சொல்லவில்லை. ஆனால் வாங்கில் இருக்கிற ஒருவர் இன்றைக்குக் குறைவாக ஆடுவார் என்று கட்டுவதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்ததும் அதே நிறுவனங்கள்தானே? திருடனைப் பிடித்தேன் என்று பெருமைப்படுகிறவர் பூட்டுப் போடாததற்கும் பதில் சொல்ல வேண்டும். போர்ட்டர் விவகாரத்துக்குப் பிறகு, இருவழி ஒப்பந்த வீரர்கள்மீது ‘குறைய’ என்று கட்டுவதை என்பிஏயின் பங்காளி நிறுவனங்கள் நிறுத்தின. கிளாசே வழக்குக்குப் பிறகு ஒரு தனிப் பந்தின்மீது 200 டொலருக்கு மேல் கட்டக்கூடாது, அதைப் பார்லேயில் சேர்க்கக்கூடாது என்று பேஸ்போல் அறிவித்தது. ஒகாயோ, மேரிலன்ட், வெர்மொன்ட், லூயிசியானா மாநிலங்கள் கல்லூரி வீரர்கள்மீது புரொப் பந்தயத்தைத் தடைசெய்தே விட்டன. ஆகவே முடியாது என்ற பேச்சு எடுபடாது. முடியும். அரைகுறையாகச் செய்கிறார்கள், அவ்வளவுதான். 200 டொலர் என்று எல்லை போடுவது, நஞ்சைக் கரண்டியால் அளந்து ஊற்றுவதுபோல.

லீக்குகளும் அப்பாவிகள் இல்லை. பீட் ரோஸ் 4,256 தரம் அடித்துச் சாதனை வைத்தவர். பந்தயம் கட்டியதற்காக 1989இல் அவரை வெளியே தள்ளிய அதே பேஸ்போல், இன்றைக்குப் பந்தய நிறுவனங்களோடு கைகோத்து, ஒவ்வொரு இன்னிங்ஸ் இடைவெளியிலும் அவர்களின் விளம்பரத்தை எங்கள் வீட்டுக்குள் விடுகிறது. வீரருக்கு ‘தொடாதே’, ரசிகருக்கு ‘இந்தா கட்டு’.

எங்கள் அரசாங்கமும் அப்படித்தான். கனடாவில் ஒரு தனி ஆட்டத்தின்மீது பந்தயம் கட்டுவது 2021 ஓகஸ்ட் 27ஆம் தேதி சட்டபூர்வமானது. 2022 ஏப்ரல் 4ஆம் தேதி ஒன்ராறியோ தனியார் செயலிகளுக்குக் கதவைத் திறந்தது. 2024 பெப்ரவரியில் விளையாட்டு வீரர்கள் இந்த விளம்பரங்களில் நடிக்கத் தடை வந்தது. நல்லது. ஆனால் ‘பொறுப்போடு விளையாடுங்கள்’ என்று சொல்ல மட்டும் வீரர்கள் வரலாமாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? அதற்குத் தெரிவது வீரரின் முகமும் பந்தய நிறுவனத்தின் பெயரும் மட்டும்தான்.

எங்கள் சமூகத்துக்கும் ஒரு வார்த்தை. குடித்தால் மணக்கும், பிந்தி வந்தால் கதவு தட்டும். பந்தயம் மணக்காது, சத்தம் போடாது. பிள்ளை அறைக்குள் இருந்து மட்ச் பார்க்கிறான் என்று அம்மா நிம்மதியாக இருப்பார். கணக்குத் திறக்க 19 வயது வேண்டும் என்பது சட்டம். அண்ணனின் கணக்கில் தம்பி கட்டுவதை எந்தச் சட்டம் பார்க்கும்? வள்ளுவர் சூதுக்கென்று ஒரு அதிகாரமே ஒதுக்கினார். தமிழ்ப் பாடசாலையில் அதை மனப்பாடம் பண்ணிப் பரிசு வாங்கிய பிள்ளைகளின் ஃபோனில்தான் இந்தச் செயலி இருக்கிறது.

நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, தனி வீரர்மீதும் தனிப் பந்தின்மீதும் பந்தயம் அடியோடு நிறுத்தப்பட வேண்டும். இரண்டு, ஆட்டம் தொடங்கியதில் இருந்து முடியும்வரை பந்தய விளம்பரம் கூடாது. பிரித்தானியாவில் 2019இல் இருந்து அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது, உலகம் இடிந்து விழவில்லை. மூன்று, வர்ணனையாளர்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசட்டும். பந்தய விகிதம் வாசிப்பது அவர்களின் வேலை இல்லை.

இவற்றைச் செய்யக்கூடியவர்கள் ஒட்டாவாவிலும் குயின்ஸ் பார்க்கிலும் இருக்கிறார்கள். அங்கே தமிழ் பேசுகிற உறுப்பினர்களும் இருக்கிறார்கள், எங்கள் விழாக்களுக்கு வந்து மேடையில் படம் எடுக்கிறவர்கள்தான். அடுத்த முறை படம் எடுக்கும்போது இதைக் கேளுங்கள். அதுவரைக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், ஐந்து வரி போதும். எழுதி முடித்த கையோடு அந்தச் செயலியையும் அழித்துவிடுங்கள். வசந்தத்தில் பேஸ்போல் திரும்ப வரும்போது குரேரோ அடிக்கிறாரா இல்லையா என்பதைச் சும்மா பார்ப்போம்.