எந்த ஊருக்குக் குடிபெயர்வது?

2001ஆம் ஆண்டில் ஏறத்தாழ 57 இலட்சமாக இருந்த பெங்களூருவின் மக்கள்தொகை, 2011ஆம் ஆண்டில் 85 இலட்சமாக உயர்ந்தது. அவ்வேகத்திற்கு நீரும் சாலைகளும் ஈடுகொடுக்கவில்லை. 2024ஆம் ஆண்டுக் கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் பல வறண்டன. மக்கள் தண்ணீர் லாரிகளுக்காகக் காத்திருந்தனர். எனவே, மைசூருவுக்குச் செல்வதா, ஓசூருக்கா, கோயம்புத்தூருக்கா எனத் தமிழ்க் குடும்பங்கள் பல சிந்திக்கின்றன.

பெரும்பாலோர் முதலில் கேட்பது மனையின் விலையை. அது முறையன்று. நீர்வளம், பணியிடத்தின் தொலைவு, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றையே முதலில் ஆராய வேண்டும். ஓசூரில் வாடகை குறையலாம். ஆனால், நாள்தோறும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பயணம் செய்து பெங்களூருவில் பணியாற்றும் தந்தை, பிள்ளைகள் உறங்கிய பின்னரே வீடு திரும்புவார். அவ்விழப்பை வாடகை மிச்சம் ஈடுசெய்யுமா?

கோயம்புத்தூர் சொந்த மாநிலத்து ஊர் என்பர் பெற்றோர். பெங்களூருவில் பிறந்து, கன்னடம் பேசும் நண்பர்களோடு வளர்ந்த பிள்ளைக்கோ அது புதிய ஊரே. அங்குத் தமிழைப் பிழையின்றி எழுதக் கற்கலாம் என்பது நன்மை. நண்பர்களைப் பிரிவது துன்பம். ஆதலால், பிள்ளைகளின் கருத்தையும் கேட்டே முடிவெடுத்தல் வேண்டும்.

இன்னொன்றும் நினைவிற்கொள்ளத்தக்கது. பெங்களூருவின் கெம்பேகௌடா பேருந்து நிலையம் அமைந்துள்ள இடம் முன்பு தர்மாம்புதி ஏரியாக இருந்தது. புதிய ஊரிலும் ஏரிகளைத் தூர்த்து வீடு கட்டினால், மீண்டும் குடிபெயர நேரிடும். செல்லும் ஊரின் நீர்நிலைகளைக் காப்பது குடியேறுவோரின் முதற்கடமையாகும்.

சிந்தித்து எழுதுக: உங்கள் குடும்பம் வேறு ஊருக்குச் செல்வதாயின், நீங்கள் முதலில் கேட்கும் வினா யாது? ஏன்?