கிண்ணமும் கழகமும்

மலேசியத் தமிழரிடையே காற்பந்து செழித்தோங்குகிறது என்று வாதிடுவோர் காட்டும் சான்று ஒன்றே ஒன்றுதான். அது போட்டிகளின் எண்ணிக்கை. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும், கெடாவிலிருந்து ஜொகூர் வரை சிற்றூர்த் திடல்களில் கூடாரங்கள் எழுகின்றன. ஒன்பதின்மர் ஆட்டம், எழுவர் ஆட்டம், நாற்பது வயதைக் கடந்தோர் ஆட்டம் எனப் பலவகை. சுழற்கிண்ணம் ஒருபுறம், பரிசுத்தொகை மறுபுறம். காலையில் தொடங்குவது விளக்கு வைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. பின்னர் நாளேட்டில் வரும் படத்தில், கிண்ணத்தை எடுத்து வழங்கிய பிரமுகரின் முகம் ஆட்டக்காரர் முகங்களைக் காட்டிலும் பெரிதாகத் தெரிகிறது. இதனை வளர்ச்சி என்பது, தேர்த்திருவிழாவிற்குக் கூடிய கூட்டத்தைக் கண்டு ஊரின் மக்கள்தொகை பெருகிவிட்டது என்பதற்கு ஒப்பாகும்.

தொடக்கப்பள்ளிக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தாலே உண்மை விளங்கும். தோற்றவர் வெளியேறும் முறையில் 32 குழுக்கள் மோதுகின்றன எனக் கொள்வோம். மொத்த ஆட்டங்கள் 31. முதற்சுற்றிலேயே 16 குழுக்கள் வீட்டுக்குப் போய்விடும். இரண்டாஞ்சுற்றில் மேலும் 8. ஆக, 32இல் 24 குழுக்கள் ஓர் ஆட்டமோ இரண்டு ஆட்டமோ ஆடியதோடு சரி. அவ்வாட்டமும் பெரும்பாலும் அரைமணி நேரங்கூட நீடிப்பதில்லை. எட்டே குழுக்கள் லீக் முறையில் ஒன்றோடொன்று மோதட்டும். ஒருசுற்றில் 28 ஆட்டங்கள், இருசுற்றில் 56. கடைசி இடத்தில் கிடக்கும் குழுகூட 14 முறை திடலில் இறங்கும். எந்தக் குழுவுக்குப் பயிற்சி மிகவும் தேவையோ அந்தக் குழுவை முதலில் வீட்டுக்கு அனுப்புவது ஒருமுறை. அதனையும் கடைசி நாள்வரை ஆடவைப்பது மற்றொருமுறை. பின்தங்கிய மாணவனை முதற்சோதனையோடு வகுப்பிலிருந்து வெளியேற்றும் ஆசிரியர் ஒருவர் இருந்தால் அவரைப் பற்றிப் பெற்றோர் என்ன பேசுவர்?

கேடு இதனோடு நிற்கவில்லை. பரிசுத்தொகை பெருகப் பெருக, ஊர்க்குழு ஊர்க்குழுவாக இருப்பதில்லை. ஒருநாள் வெற்றிக்காக வெளியூரிலிருந்து ஆட்டக்காரர்களைக் கூலி பேசி அழைத்துவருவது பலவிடங்களில் வழக்கமாகிவிட்டது. சட்டை ஓர் ஊருடையது. கால்கள் வேறோர் ஊருடையவை. ஆண்டு முழுவதும் அந்தி வேளையில் பந்தைத் துரத்திப் பயின்ற உள்ளூர்ப் பதினாறு வயதுப் பையன், போட்டி நாளன்று தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்துகொண்டு கோட்டுக்கு வெளியே நிற்கிறான். அடுத்த ஆண்டு அவன் தண்ணீர் சுமக்கவும் வருவதில்லை. அவனைக் குறைகூறுவாரும் உளர். இக்காலப் பிள்ளைகளுக்கு ஊக்கமில்லையாம்!

லீக் என்னும் அமைப்பு தோன்றிய வரலாற்றை அறிந்தோர் இதனை எளிதில் புரிந்துகொள்வர். இங்கிலாந்தில் கிண்ணப் போட்டி முந்தியது, லீக் பிந்தியது. அங்குள்ள காற்பந்துச் சங்கத்தின் கிண்ணப் போட்டி 1871இல் தொடங்கியது. கிண்ண ஆட்டம் குறுக்கிட்டால் முன்னரே பேசிவைத்த ஆட்டங்கள் கைவிடப்படும். எதிரணி வருமோ வராதோ என்று காத்திருந்து பார்வையாளரும் சலித்துப்போயினர். 1885இல் ஆட்டக்காரருக்கு ஊதியம் அளிப்பதற்கு இசைவு கிடைத்தபின், கழகங்களுக்கு நிலையான வருவாயும் வேண்டியதாயிற்று. பர்மிங்காம் நகரில் துணிக்கடை வைத்திருந்தவரும் ஆஸ்டன் வில்லா கழகத்தின் நிருவாகிகளுள் ஒருவருமான வில்லியம் மெக்கிரிகோர், 1888 மார்ச்சு 2ஆம் நாள் சில கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். ஆண்டுதோறும் ஒன்றன் திடலுக்கு மற்றொன்று சென்றும் வந்தும் ஆடுவதென உறுதிசெய்துகொள்ளலாம் என்பதே அவர் கருத்து. அவ்வாண்டு செப்டம்பரில் 12 கழகங்களோடு உலகின் முதற் காற்பந்து லீக் பிறந்தது. சுருங்கச் சொன்னால், கிண்ணப் போட்டி மட்டும் கழகத்தைக் காப்பாற்றாது என்று கண்டபின் வகுத்த வழியே லீக். மலேசியாவிலும் மாநிலக் குழுக்களின் கிண்ணப் போட்டி 1921இலேயே எழுந்துவிட்டது. அக்குழுக்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதும் லீக்கோ 1979இல்தான் அமைந்தது.

தோட்டப்புறத் தமிழர் மெக்கிரிகோரின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். எனினும் அவர் சொன்னதைச் செய்தார்கள். பால்மரத் தோட்டங்களில் கோயிலும் பள்ளியும் கள்ளுக்கடையும் இருந்தவாறே திடலும் இருந்தது. பிரட்டுக்கு விடியுமுன் எழுந்து, வெயில் ஏறுமட்டும் பால்வெட்டிய கைகால்கள் மாலையில் அங்கே கூடின. ஞாயிறன்று லாரியேறிப் பக்கத்துத் தோட்டத்திற்குச் சென்றால், அடுத்த முறை அவர்கள் இங்கே வந்தாகவேண்டும். வந்தவருக்குச் சோறு போடவேண்டும். தோற்றவர் மறு ஆட்டத்திற்காகக் காத்திருந்தனர். அட்டவணையென்று ஒன்று எழுதப்படாமலிருந்திருக்கலாம். ஆனால் லீக்கின் உயிர் அதில் இருந்தது.

அக்காலத்தைப் பொற்காலமென்று பாடுவதும் பொய்யாகும். திடல் நிறுவனத்துக்குச் சொந்தம். துரையின் மனம் கோணினால் கோல்கம்பம் சாய்ந்துவிடும். தொழிலாளியை லயத்துக்குள் அமைதியாக வைத்திருப்பதற்குப் பந்தும் ஒரு கருவியாய்ப் பயன்பட்டது என்பாரை மறுக்கவியலாது. கழகத்துக்கென ஓரடி மண்ணும் இல்லாமற் போனதன் விளைவு பின்னரே தெரிந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. 1990களில் புத்ராஜெயா எழுந்த நிலத்தில் பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்தன. மக்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். கோயிலுக்கு மாற்றிடம் கேட்டுப் போராடினர், பள்ளிக்கும் கேட்டனர், திடலுக்குக் கேட்டவர் மிகச் சிலர். அதனால் ஊர்க்குழுக்கள் பெயராக மட்டும் எஞ்சின. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆடத்தக்க ஆட்டம் ஒருநாள் போட்டிதான் அன்றோ?

"லீக் நடத்தலாந்தான், குழுக்கள் எங்கே?" என்பார்க்கு விடையொன்று கடலுக்கப்பால் கிடைக்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்கே கார்ன்வாலுக்கு அப்பாலுள்ள சில்லித் தீவுகளில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழ்கின்றனர். அங்கும் ஒரு காற்பந்து லீக் உண்டு. அதிலுள்ள கழகங்கள் இரண்டே: கேரிசன் கன்னர்சு, வூல்பேக் வான்டரர்சு. முன்னர்க் குழுக்கள் கூடுதலாக இருந்தன. அவை மறைந்து இரண்டாயின. ஆள் குறைந்ததென்று அத்தீவினர் லீக்கைக் கலைத்துவிடவில்லை. பருவத் தொடக்கத்தில் இரு தலைவர்களும் ஆட்டக்காரர்களைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். பின்னர் ஞாயிறுதோறும் ஒரே திடலில் அதே இரு குழுக்கள் ஒரு பருவத்தில் பதினைந்து முறைக்கும் மேலாக மோதுகின்றன. வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அடுத்த ஞாயிறும் ஆட்டமுண்டு என்னும் உறுதி அத்தீவின் பையனுக்கு இருக்கிறது. ஒரு மாவட்டத்திலேயே பத்துத் தமிழ்ப்பள்ளிகள் இருக்கும் மலேசியத் தமிழனுக்கு அந்த உறுதி இல்லை.

ஒருநாள் போட்டி நடத்துவோர் மேடையில் இரு காரணங்களைத் தவறாமல் கூறுவர். ஒன்று, ஆறுமுகம், சந்திரன், இராஜகோபால் போன்றோரை மீண்டும் உருவாக்குதல். 1972இல் மூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மு. சந்திரனும், 1980இல் தென்கொரியாவை வென்று மாஸ்கோவுக்குத் தகுதிபெற்ற அணியின் கோல்காவலர் இரா. ஆறுமுகமும், 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்ற அணியின் பயிற்றுநர் கி. இராஜகோபாலும் ஆண்டுக்கு ஒரு ஞாயிறு பந்தாடியா அந்நிலையை எய்தினர்? மற்றொன்று, இளைஞரைக் குண்டர் கும்பல்களிலிருந்து காத்தல். நோக்கம் நன்று. ஆனால் கும்பல் நாள்தோறும் இரவில் கூடுகிறது. பெயர் சொல்லி அழைக்கிறது. வராதவனைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வருகிறது. ஆண்டுக்கொருமுறை கூடாரம் போட்டு ஒலிபெருக்கியில் அறிவுரை வழங்குவோர் அதனோடு எப்படிப் போட்டியிடுவர்? கும்பலைப்போல வாரந்தோறும் ஒருவனைத் தேடும் அமைப்பே அவனை மீட்கும். பயிற்சிக்கு வராதவன் வீட்டுக்கதவைத் தட்டுவதற்கு ஒரு கழகச் செயலாளர் வேண்டும்.

தமிழாசிரியர்க்கு இதிலென்ன என்று வினவலாம். மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதன்பின் இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடம். அதனையும் எடுக்காது விடுவோர் பலர். பன்னிரண்டு வயதுவரை தமிழில் பாடிய, பேசிய, எழுதிய பிள்ளை, பதின்மூன்றாம் வயதில் எந்தத் தமிழமைப்பின் கையில் ஒப்படைக்கப்படுகிறான்? கோயிலைத் தவிர வேறொன்றைக் காட்டுவது அரிது. ஊர்க்கழகம் அந்த இடத்தை நிரப்பவல்லது. லீக் என்பது திடலில் மட்டும் நடப்பதன்று. ஆட்டக்காரர் பதிவேடு, கூட்டக் குறிப்பு, வரவு செலவுக் கணக்கு, அடுத்த ஆட்டத்துக்கான அறிவிப்பு, நடுவரை ஏசியவனின் மன்னிப்புக் கடிதம், நாளேட்டுக்கு அனுப்பும் ஆட்டச் செய்தி என வாரந்தோறும் எழுதித் தீரவேண்டியவை பல. இவற்றையெல்லாம் பதினேழு வயதினர் தமிழில் எழுதுவராயின், மேடைதோறும் தமிழ் வாழ்க என்று முழங்குவதைவிட அதற்குப் பயன் மிகுதி. கட்டுரைப்போட்டிக்கு எழுதும் பிள்ளை மதிப்பெண்ணுக்காக எழுதுகிறான். ஆட்டம் நான்கு மணிக்கா ஐந்து மணிக்கா என்று அறிவிக்க எழுதுபவன் பிறர் படித்துப் புரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காக எழுதுகிறான்.

மாணவர் போதாது என்பதும் பள்ளிகளில் எழும் தடையுரை. 150 மாணவருக்குக் குறைந்த தமிழ்ப்பள்ளிகள் பல உள்ளமை உண்மையே. அங்கே பதினொருவரைத் தேடுவது கடினம். எழுவரைத் தேடுவது கடினமன்று. இரு சிறுபள்ளிகள் சேர்ந்து ஒரு குழு அமைப்பதையும் எவரும் தடுக்கவில்லை. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு விளையாட்டிலேனும் ஈடுபடவேண்டுமென்னும் திட்டம் 2011 முதல் நடப்பிலிருக்கிறது. அதனைப் பதிவேட்டில் நிரப்பும் கட்டமாகக் கருதிவிட்ட பள்ளிகளைப் பற்றி விரித்துரைத்தல் வேண்டா.

பணமும் தடையன்று. ஒருநாள் போட்டியின் முதற்பரிசு மூவாயிரம் வெள்ளி என வைத்துக்கொண்டால், அத்தொகையை 28 ஆட்டங்களுக்குப் பங்கிட ஆட்டமொன்றுக்கு நூறு வெள்ளிக்கு மேல் வரும். நடுவர் படி, கோடு போடும் சுண்ணாம்பு, இரண்டு பந்து, தண்ணீர் ஆகியவற்றுக்கு அது போதும். நன்கொடையாளர் உடன்படுவாரா என்பது வேறு. ஏழு ஞாயிறுகளிலும் மாலைபோட்டு அவரை மேடையேற்ற இயலாது.

மாவட்டத்திலுள்ள எட்டுப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் ஒருமுறை கூடினால் போதும். முன்னாள் மாணவருள் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பள்ளிக்கு ஒரு குழு. திடல் ஒன்று. ஞாயிறு காலை இரண்டு ஆட்டம், மாலை இரண்டு ஆட்டம். அட்டவணை எழுதும் முறையும் எளியது: எட்டுக் குழுக்களின் பெயரையும் நான்கு நான்காக இரு வரிசையில் எதிரெதிரே எழுதி, முதற்பெயரை மட்டும் அசையாது நிறுத்தி, மற்ற ஏழையும் வாரத்துக்கு ஓரிடமாகச் சுழற்றினால் ஏழாம் வாரத்தில் எல்லாரும் எல்லாரோடும் ஆடிமுடிப்பர். எட்டாம் வாரம் மறுசுற்று.