நாற்றம் என்னும் எச்சரிக்கை

அமெரிக்காவின் குளிர் மிகுந்த மாநிலங்களில் கராஜ் என்பது கார் நிறுத்துமிடம் மட்டுமன்று. தச்சுவேலைக்கும் பழுதுபார்ப்புக்கும் உரிய பட்டறையும் அதுவே. அங்கே எரிவாயு ஹீட்டர் பொருத்துவதற்காக வீட்டு இணைப்பிலிருந்து மண்ணுக்கடியில் தாமே குழாய் பதிப்போர் உண்டு. தம் கையே தமக்குதவி என்னும் அப்பண்பு போற்றத்தக்கது. ஆயின், 'என் வீடு, என் நிலம். இதற்கு அனுமதி எதற்கு, ஆய்வாளர் எதற்கு?' என்று உடன்வரும் முணுமுணுப்பை நம்மால் ஏற்க இயலவில்லை.

இக்கேள்விக்கான விடை 1937-இல் இருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன், எண்ணெய் வளத்தால் செழித்த ஊர். அவ்வூர்ப் பள்ளி, செலவைக் குறைக்கக் கருதி முறையான வாயு இணைப்பைக் கைவிட்டது. எண்ணெய் வயலின் உபரி வாயு செல்லும் குழாயொன்றிலிருந்து தன் ஹீட்டர்களுக்கு இணைப்பு எடுத்துக்கொண்டது. வாயு கசிந்தது. இயற்கை வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கட்டடத்தின் அடியில் அது நிரம்பியதை எவரும் உணரவில்லை. மார்ச் 18 பிற்பகல், தொழிற்பயிற்சி அறையின் இயந்திரமொன்றை இயக்கியபோது எழுந்த மின்பொறியே அதைப் பற்றவைத்தது என்பர். ஏறத்தாழ 300 பேர் மாண்டனர்; பெரும்பாலோர் மாணவர்.

அவ்வாண்டிலேயே, வாயுவில் மணமூட்டி கலக்கவேண்டும் என டெக்சாஸ் சட்டம் இயற்றியது. நம் சமையல் சிலிண்டரில் கசிவை அறிவிக்கும் வாடையும் இவ்வாறு சேர்க்கப்பட்டதே. பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' என்னும் சொல் பின்னர் இழிவுற்றது என்று வகுப்பில் சொல்லித்தருகிறோம். உயிர்காக்கும் இந்த நாற்றத்தை எவ்வகையில் சேர்ப்பது?

எனினும் மூக்கை மட்டும் நம்பியிருத்தல் தகாது. புதைந்த குழாயிலிருந்து கசியும் வாயு மண்ணினூடே வருகையில், அதன் வாடையை மண் உறிஞ்சிவிடக்கூடும். ஆகவேதான் விதிகள். குழாயில் காற்றை அடைத்து, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். ஆய்வாளர் பார்த்து முடிக்கும்வரை பள்ளத்தை மூடலாகாது. மஞ்சள் நிற பாலிஎத்திலீன் குழாய் மண்ணுக்கடியில் மட்டுமே செல்லலாம்; கட்டடத்துள் நுழையலாகாது. பிற்காலத்தில் தோண்டுவோர் கண்டறிய அதனுடன் ஒரு கம்பியும் இடவேண்டும். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்வதால், ஹீட்டரின் தீமூட்டும் பகுதி தரையிலிருந்து 18 அங்குலமேனும் உயர்ந்திருக்கவேண்டும். தோண்டுமுன் 811 என்னும் எண்ணை அழைத்தால், நிலத்தடியில் முன்பே செல்லும் பொதுக் குழாய்களையும் கம்பிகளையும் கட்டணமின்றி அடையாளமிட்டுத் தருவர்.

இவற்றை அதிகாரிகளின் கெடுபிடி என்போர், ஒன்றை மறந்துவிடுகின்றனர். கசிந்த வாயு வேலியைக் கண்டு நிற்பதில்லை. நாளை அவ்வீட்டை விலைக்கு வாங்குவோருக்கும் அக்குழாயைப் பதித்தவர் யாரென்று தெரியாது. ஊர் அனுமதிக்குமாயின் பள்ளத்தைத் தாமே வெட்டட்டும், குழாயையும் தாமே பதிக்கட்டும். மண்ணை மட்டும் ஆய்வாளர் வந்துபோன பின்னர் தள்ளட்டும்.