பெட்டி நிறைந்தால் மனம் நிறையுமா?

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பர். இன்று ஆடை முக்காலாகி ஆள் காலாகிவிட்டதோ என்று ஐயுற வேண்டியுள்ளது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, கிறிஸ்துமஸ், பிறந்தநாள் என ஆண்டு முழுவதும் துணி எடுக்கக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. கைப்பேசியைத் தொட்டால் உடை வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. மலிவுதானே என்று வாங்குகிறோம். அந்த மலிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று சிந்தித்தோமா?

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆயத்த ஆடை தைத்த ஏழைப் பெண்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தும் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நம் திருப்பூரிலோ சாயக்கழிவால் நொய்யல் ஆறே கெட்டது. 2011-இல் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது.

"எல்லாரும் துணி வாங்குவதைக் குறைத்தால் தறிகள் என்னாவது?" என்று சிலர் கேட்கலாம். ஆரணிப் பட்டின் புகழை அறிந்த வெம்பாக்கத்து மாணவியராகிய நமக்கு இது நியாயமான கேள்வியே. ஆனால் நம் பெட்டியை நிறைக்கும் மலிவு உடைகள் நம் ஊர்த் தறியில் நெய்தவையா? கைத்தறிப் புடவை ஒன்று உருவாகப் பாவு ஓட்டுபவர், தார் சுற்றுபவர், நெய்பவர் எனப் பலர் பல நாள் உழைக்கின்றனர். அது தாயிடமிருந்து மகளுக்கும் வந்து சேரும். நாலு சலவையில் வெளுக்கும் பத்து உடைகளுக்குப் பதில் நல்ல கைத்தறி ஆடை ஒன்றை எடுத்தால், வீட்டிலும் மிச்சம், நெசவாளர் வீட்டிலும் அடுப்பு எரியும்.

1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தியடிகள் அரையாடைக்கு மாறினார். ஏழை உழவரின் கோலமே தம் கோலமாகட்டும் என்று எண்ணினார். அவ்வளவு துறவு நமக்கு வேண்டியதில்லை. கடையில் நிற்கும்போது, 'இது இல்லாமல் இருக்க முடியாதா? எத்தனை முறை உடுத்துவோம்? அப்பா இதற்காகக் கடன் வாங்க வேண்டுமா?' என்று மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

தோழியரே, பிறந்தநாளன்று வண்ண உடையில் வருகிறோம். புத்தாடை இல்லாத காரணத்தால் தன் பிறந்தநாளன்று பள்ளிக்கே வராமல் இருந்துவிடும் தோழியும் நம்மிடையே இருக்கலாம். அவளுக்காக, இனி அந்நாளில் அனைவரும் சீருடையிலேயே வருவோம். வாழ்த்துப் பெறப் புதுத்துணி வேண்டுமா, என்ன?