பிரெட் மேக்கரும் பரண் மேல் கிரைண்டரும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சின்ன யுத்தம். காரணம், பிரெட் மேக்கர். தோழி வீட்டில் சூடாக இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு வந்த தங்கமணி, "நாமளும் ஒண்ணு வாங்கிடலாங்க. கடை பிரெட்ல என்னத்தைப் போடறாங்களோ. செலவும் மிச்சம்" என்றார். பையன் உடனே அம்மா கட்சியில் சேர்ந்துவிட்டான். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா மட்டும், "எதுக்குடா அது? வீட்ல யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்டார். எங்கள் விருதுநகர்ப் பக்கம் அந்தக் காலத்தில் ரொட்டி என்றாலே காய்ச்சல்காரர் சாப்பாடு.

"செலவு மிச்சம்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கை அரிக்கும். பி.காம். படித்துவிட்டு இருபது வருடமாக அடுத்தவர் கடன் விண்ணப்பத்தைக் கிண்டிக் கொண்டிருப்பவனுக்கு வேறென்ன வரும்? காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.

மெஷின் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். ஒரு பிரெட்டுக்கு மைதா 14 ரூபாய், ஈஸ்ட் 6, பால், வெண்ணெய், சர்க்கரை, உப்பு எல்லாம் சேர்த்து 14, கரண்ட் 3. ஆக 37. கடையில் அதே அளவு 50. மிச்சம் 13 ரூபாய். வாரத்துக்கு இரண்டு என்றால் வருடத்துக்கு 1,352 ரூபாய். பரவாயில்லையே என்கிறீர்களா? அந்தப் பத்தாயிரத்தை ஆறரை சதவீதத்தில் டெபாசிட் போட்டிருந்தால் வருடம் 650 வட்டி வந்திருக்கும். அதைக் கழித்தால் நிகர மிச்சம் 702. போட்ட முதல் திரும்பி வரப் பதினான்கு வருடம்! பாத்திரத்தின் கோட்டிங் அதுவரை தாங்குமா? இந்த மாதிரி ப்ராஜெக்டுக்கு என் டேபிளில் லோன் கிடைக்காது சாமி.

சரி, காசை விடுங்கள். ஆரோக்கியம்?

இது நியாயமான கேள்வி. 2016 மே மாதம் டெல்லியின் சி.எஸ்.இ. அமைப்பு 38 பிரெட் வகைகளைச் சோதித்தது. 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருப்பதாகச் சொன்னது. நாடே அலறியது. அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டைத் தடை செய்தது. பயந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மெஷினில் நாம் கொட்டப் போவதும் அதே மைதாதானே? முழுக் கோதுமையில் செய்வேன் என்பவர்கள் முதல் தடவை வெளியே எடுக்கும்போது தெரியும், செங்கல் எப்படிப் பிறக்கிறது என்று :-) மெஷினோடு வரும் செய்முறைப் புத்தகம் வெளிநாட்டு பிரெட் மாவை நம்பி எழுதியது. அதில் புரதம் அதிகம், அதனால் நன்றாக உப்பும். சப்பாத்தி மாவில் அந்த வேலை அவ்வளவு சுலபத்தில் நடக்காது.

இந்த மெஷின் பிறந்த கதையைக் கேளுங்கள். ஜப்பானில் மட்சுஷிதா கம்பெனி, அதாவது நம் பானசோனிக், 1980களில் முயற்சி செய்தபோது மேலே கருகியது, உள்ளே வேகவில்லை. இக்குகோ தனாகா என்ற பெண் பொறியாளர் ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை பேக்கரிடம் போய் உதவியாளராகச் சேர்ந்தார். அவர் மாவை வெறுமனே பிசைவதில்லை, இழுத்து முறுக்குகிறார் என்பதைக் கண்டுபிடித்தார். அதற்கேற்ப பாத்திரத்தின் உட்புறத்தை மாற்றி, 1987-ல் மெஷின் சந்தைக்கு வந்தது. ஆக, அது ஒரு பேக்கரின் கையைப் பார்த்து எடுத்த ஜெராக்ஸ். ஒரிஜினல் கைகள் பக்கத்துத் தெருவில் இருக்கும்போது ஜெராக்ஸ் எதற்கு? நாங்கள் இருப்பது பிரேசர் டவுன். மாஸ்க் ரோட்டில் ஆல்பர்ட் பேக்கரி 1902-லிருந்து இருக்கிறது. புனித வெள்ளிக்கு அங்கே ஹாட் கிராஸ் பன் வாங்க வரும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ரம்ஜான் மாதத்தில் அந்தத் தெருவில் நடக்கவே இடம் இருக்காது. இத்தனை பேக்கரி உள்ள பேட்டையில் பிரெட் மேக்கர் வாங்குவது, காவிரிக் கரையில் வீடு கட்டிக் கொண்டு கேன் தண்ணீர் வாங்குவது போல.

இப்போது என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் பரண் மேல் ஒரு கோயம்புத்தூர் கிரைண்டர் இருக்கிறது. கல்யாணச் சீராக வந்தது. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தபோது லாரியில் கூடவே வந்தது. இங்கே பாக்கெட் மாவு கிடைக்க ஆரம்பித்தது (ஐடி கம்பெனி 2005-ல் இதே பெங்களூரில்தான் தொடங்கியது), கிரைண்டர் பரண் ஏறியது. நம்மில் எத்தனை பேர் வீட்டில் இதே கதை? நூறு வருடமாக அடுத்தவர் நன்றாகச் செய்து விற்பதை நாம் வீட்டில் செய்யக் கிளம்புகிறோம். நம் வீட்டில் நன்றாகச் செய்ததை அடுத்தவரிடம் வாங்குகிறோம். இது என்ன கணக்கு?

வேலைக்குப் போகும் பெண்ணை மாவாட்டச் சொல்கிறானே என்று அடிக்க வராதீர்கள். ஆட்டப் போவது நான். பிரெட் மேக்கருக்கு ஒதுக்கத் தயாராக இருந்த ஞாயிறு மூன்று மணி நேரம் கிரைண்டருக்குப் போதாதா?

ஒன்று சொல்லிவிடுகிறேன். கடை பிரெட்டில் உள்ள ஏதாவது ஒத்துக்கொள்ளாத குழந்தை இருக்கிறதா, நல்ல பேக்கரிக்கு நாற்பது மைல் கார் ஓட்ட வேண்டிய ஊரில் இருக்கிறீர்களா, தாராளமாக வாங்குங்கள். அங்கே அது பண்டம் அல்ல, தேவை. என் கட்சி ஒன்றே ஒன்றுதான்: நடந்து போய் வாங்க முடிகிற பொருளுக்கு மெஷின் வேண்டாம், வாங்கவே முடியாத ருசிக்கு எத்தனை கனமான மெஷினையும் சுமக்கலாம்.

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. இந்த மழைக்கு எத்தனை உளுந்து, எவ்வளவு தண்ணீர், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஜப்பான்காரப் பெண் யாரோ ஒரு பேக்கரிடம் போய் நின்று கற்றுக்கொண்டார். நான் பெற்ற தாயிடம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

பி.கு.: நேற்று கிரைண்டரை இறக்கியாச்சு. பெல்ட் போய்விட்டது, மாற்ற வேண்டும். தங்கமணி இன்னும் பேசவில்லை. மாலையில் ஒரு பிரெட் வாங்கிக் கொண்டு போகிறேன்.