விஞ்ஞானி கண்ணில் படாத மக்காச்சோளம்

மெக்ஸிகோ நாட்டின் தெற்கே வாஹாகா மாநிலத்தில், மிஹே இன மக்கள் வாழும் மலைப்பகுதி ஒன்றுண்டு. அங்கே டோடோன்டெபெக் வட்டாரத்தில் ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். ஏர் பூட்ட முடியாத சரிவு. கூர்க்கழியால் குழியிட்டு விதைக்கிறார்கள். மக்காச்சோளத் தண்டில் பீன்ஸ் கொடி ஏறுகிறது. கீழே பரங்கி படர்கிறது. இக்கலப்புப் பயிருக்கு மில்பா என்று பெயர்.

அந்த மக்காச்சோளத்தைக் காணத்தான் போனேன். மூன்று ஆள் உயரம் வளரும் நாட்டு ரகம். நம் மக்காச்சோளம் தரையை ஒட்டிய ஒன்றிரண்டு கணுக்களில்தான் வெளிவேர் விடும். இதிலோ எட்டு, பத்துக் கணுக்களில் விரல் பருமனான வேர்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. மழை பெய்தால் அவற்றில் வெண்டைக்காய்ச் சாறு போல வழவழப்பான திரவம் ஊறிச் சொட்டுகிறது. சர்க்கரை நிறைந்த அத்திரவத்தில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக்கிப் பயிருக்குத் தருகின்றன. 2018-ல் வெளியான ஆய்வின்படி, பயிரின் தழைச்சத்தில் 29 முதல் 82 சதவீதம் வரை காற்றிலிருந்தே கிடைக்கிறது.

இவ்விதை கிடைத்தால் யூரியா செலவு மிச்சமே என்று விவசாய அன்பர்கள் எண்ணலாம். அவசரம் வேண்டாம். விளைய எட்டு மாதமாகும். காற்றில் ஈரமில்லாவிடில் திரவம் ஊறாது. மகசூலும் வீரிய ஒட்டு ரகங்களுக்கு ஈடாகாது.

எனக்கு உறைத்தது வேறு. ரகங்களைத் தேர்வு செய்யும் எங்கள் சோதனைத் திடல்களில் உரத்துக்குக் குறைவில்லை. பசியறியாத பயிரிடம் பசி தாங்கும் குணத்தை எங்ஙனம் காண்பது? அந்த மலையில் மண்ணே தேர்வு வைக்கிறது. மிச்சத்தை வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நான் தங்கிய வீட்டு அம்மாள், குவியலில் நல்ல கதிராகப் பொறுக்கி, நுனியும் அடியும் தள்ளி, நடுமணிகளை மட்டுமே விதைக்கு உதிர்த்தார். இதற்கு ஆராய்ச்சி என்று பெயரிட எங்களைப் போன்றோருக்கு ஏனோ மனம் வருவதில்லை.

ஆய்வாளர்கள் அவ்வட்டார மக்களோடு பயன் பகிர்வு ஒப்பந்தம் செய்துள்ளனர். நல்லதே. ஆயினும் அது என்றோ வரக்கூடிய லாபத்தின் பங்கு. அதற்குள் வீட்டுப் பிள்ளைகள் பிழைப்புத் தேடி நகரத்துக்குப் போய்விட்டால்? குளிர்பதன அறையில் விதை கெடாது. ஆண்டுதோறும் வயலில் நடக்கும் தேர்வு நின்றுவிடும். ஆகவே விதையைக் காத்து விதைப்பவருக்கு அந்த வேலைக்கான ஊதியத்தை இன்றே தர வேண்டும் என்பது என் கருத்து.

புறப்படும்போது ஒரு கைப்பிடி விதை கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அந்த அம்மாள் சூடான மக்காச்சோள ரொட்டி இரண்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.