முதல்ல புகையைப் பாருங்கண்ணே!

இருபது வயசு டீசல் ஜீப் வைத்திருக்கிறீர்களா? கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது புகை கக்குகிறதா? பட்டறையில் பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்: ‘ரிங் போயிடுச்சு சார், இன்ஜினை இறக்கணும்!’

எதை வெச்சு சொல்றீங்கண்ணே என்று கேளுங்கள்.

புகைக்கு நிறம் உண்டு. கறுப்பென்றால் டீசல் அதிகம், அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், நாசில் ஒழுகலாம். நீலமென்றால் ஆயில் எரிகிறது. ரிங், வால்வு கைடு மீது சந்தேகம் அப்போதுதான் வரணும். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறதா? ஹெட் காஸ்கெட்டைப் பார்க்கணும். எதுவானாலும், கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டராக அளந்த பிறகே இன்ஜினில் கை வைக்கச் சொல்லுங்கள். ஃபில்டரோடு முடிகிற வேலைக்கு இன்ஜினைப் பிரித்துப் போட்டால், சவாரி ஓட்டிப் பிழைக்கிறவர் வாரக்கணக்கில் என்ன சாப்பிடுவார்?

லாரிக்கு நாமக்கல், ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு. டீசல் தெரிந்த கைகளுக்கா இங்கே பஞ்சம்? பொறுமைக்குத்தான்!

அரசாங்கம் மட்டும் லேசுப்பட்டதா? 15 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. வயசுக்கு அபராதம். புகைக்கு? சைலன்சரில் குழாயை நுழைக்காமலே சான்றிதழ் நீட்டுகிறவரிடம் வாங்காதீர்கள். ‘ஆக்ஸிலேட்டரை மிதிச்சு, அளந்து காட்டுங்க’ என்று அங்கேயே நில்லுங்கள்.